நாடாகிப்போன பாயசத்துளி

பெரியவர்களே, பிள்ளைகளே, காதைக் கொடுங்கள்! மலைகளெல்லாம் இன்னும் வளர்ந்துகொண்டிருந்த காலத்தில் வெண்குன்றம் என்று ஒரு நாடு இருந்தது. அதன் அரசன் வல்லரையனுக்கு நிலம் என்றால் உயிர். நடந்து பார்க்க அல்ல, படத்தில் பார்க்க.

அந்தப் படங்களை வரைபவர் நல்லாண்டார். வழவழப்பான பலகையில் ஆறு, காடு, எல்லை எல்லாம் தீட்டுவார். கைதேர்ந்தவர்தான், ஆனால் சரியான தொடைநடுங்கி. அவரைச் சொல்லியும் குற்றமில்லை. அரச முத்திரை விழும் படத்தில் கறை இருந்தால், அதில் கை வைத்தவரின் கட்டைவிரலை வெட்ட வேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம்.

ஒரு பண்டிகை நாளில், மகள் செங்காளி கொடுத்தனுப்பிய பாயசத்தைக் குடித்துக்கொண்டே வேலை பார்த்தார். எல்லைக்கு வெளியே, நெடுங்கரை நாட்டுப் பக்கம், ஒரு துளி சொட்டென்று விழுந்தது. துடைப்பதற்குள் அரசன் வந்துவிட்டான்.

"இது என்ன, நல்லாண்டாரே?"

அவருக்குக் கட்டைவிரல் குறுகுறுத்தது. "புதிதாகத் தெரியவந்த நாடு, அரசே."

மறுநாள் அரசன் கேட்டான்: "அங்கே என்ன விளையும்?"

"கரும்பு, அரசே." வாசனை அப்படி இருந்தது.

மூன்றாம் நாள் கேட்டான்: "அங்கே படை உண்டா?"

காலையில்தான் பலகையிலிருந்து எறும்புகளை ஊதி விரட்டியிருந்தார். "உண்டு, அரசே. ஆட்கள் சிறியவர்கள். வரிசை தப்பாமல் வருவார்கள்."

வல்லரையன் துள்ளிக் குதித்தான். துளியின் பக்கத்திலேயே தன் கையால் அரக்கு முத்திரையை அழுத்தி, "பிடியுங்கள் அந்த நாட்டை!" என்றான். ஒற்றர் மூலம் சேதி நெடுங்கரை அரசனுக்குப் போயிற்று. என் வாசலில் இருக்கும் நாடு எனக்கே என்று அவனும் படை திரட்டினான்.

போருக்கு முதல் நாள் செங்காளி கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள். "அப்பா, உங்க மாப்பிள்ளையை முதல் வரிசையில நிறுத்திட்டாங்க. அந்த நாட்டுக்காரங்க ரொம்பப் பொல்லாதவங்களாப்பா?"

நல்லாண்டார் அவள் தலையைத் தடவிக் கொடுத்தார். பாவம், அவள் கழுத்தில் தாலி ஏறி மூன்று மாதம்கூட ஆகவில்லை.

காலையில் வழி காட்டப் படப்பலகையோடு நல்லாண்டாரையும் வல்லரையன் அழைத்துப் போனான். இரண்டு படைகளும் வந்து சேர்ந்த இடத்தில் கள்ளிச்செடியும் ஓர் ஓணானும் இருந்தன. "அரசே, இங்கே நாடு எதையும் காணோமே," என்றார் மந்திரி.

"படத்தில் முத்திரை இருக்கிறது. தரையில் இருக்கிறதா? தரைதான் தப்பு," என்றான் வல்லரையன்.

எதிர்ப்பக்கத்திலிருந்து நெடுங்கரை அரசன் கத்தினான்: "நாட்டை எங்கேயடா ஒளித்து வைத்தாய், திருடா?"

முரசு முழங்கியது. முதல் வரிசையில் நின்ற மருமகன் பொதியன், வேலைப் பிடித்தபடி மாமனாரைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையை நல்லாண்டாரால் தாங்க முடியவில்லை. ஓடினார். இருவர் தூக்கிப் பிடித்திருந்த பலகையைப் பற்றினார். நாக்கை நீட்டினார்.

ஒரு நக்கு, நாடு பாதியானது. இரண்டாம் நக்கு, கரும்புத் தோட்டம் போயிற்று. மூன்றாம் நக்கில் பலகை பளிச்சென்று ஆகிவிட்டது.

"பாயசம், அரசே! விரலுக்குப் பயந்து நான்தான் அதை நாடு என்றேன்." வலக்கையை நீட்டினார். கட்டைவிரலை மடக்கவில்லை.

மந்திரி சட்ட ஓலையைப் பிரித்துப் படித்தார்: "கறைபட்ட படத்தில் கை வைத்தவர் யாராயினும், அவர் கட்டைவிரல்…"

வல்லரையன் தன் முத்திரையைப் பார்த்தான். மெல்லத் தன் கட்டைவிரலைக் கைக்குள் மடக்கி மறைத்துக்கொண்டான்.

"ஓலையைச் சுருட்டும்," என்றான்.

நெடுங்கரை அரசனுக்கு மட்டும் மனம் ஆறவில்லை. "அதெல்லாம் சரி, எங்கள் பங்குப் பாயசம் எங்கே?"

அங்கேயே அடுப்பு மூட்டி இரண்டு படைகளுக்கும் காய்ச்சினார்கள். முதல் அகப்பையைப் பொதியனுக்கு ஊற்றியபோது, அழுகையில் நல்லாண்டாரின் கை தடுமாறி ஒரு துளி மண்ணில் விழுந்தது. இரண்டு அரசர்களும் அதைப் பார்த்தார்கள், பிறகு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

ஆகவே நல்லவர்களே, ஒரு விரலுக்குப் பயந்து மறைத்த பிழை பின்னால் ஓராயிரம் தலைகளைக் கேட்கும் என்பதால், செய்த பிழையைச் செய்த அன்றே ஒப்புக்கொள்ளுங்கள்.