இஞ்ஞாசியின் பெட்டியும் அண்ணாச்சியின் புது மாடலும்

எங்கள் கச்சேரிக் குழுவில் நான் ட்ரம் பேட், இஞ்ஞாசி கீபோர்டு. மனுசன் வாயைத் திறந்தால் புளுகுதான், கொட்டாவி மட்டும் நிஜம். அன்று மதியம் ஏரல் கல்யாண மண்டபத்தில் அவருக்கு ஒரு சோதனை வந்தது. குழுவை நடத்தும் சண்முகையா அண்ணாச்சி புது மாடல் கீபோர்டு ஒன்று வாங்கி வந்துவிட்டார். இஞ்ஞாசியின் பழைய பெட்டியையும் புதுசையும் ஒரே ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பது, எது நல்ல சத்தமோ அது சாயங்காலம் மேடை ஏறும் என்று ஏற்பாடு. புதுசு ஜெயித்தால் அதை வாசிக்க அண்ணாச்சியின் மச்சினன் இஸ்திரி போட்ட சட்டையோடு நின்றான். பயம் வந்தால் இஞ்ஞாசிக்குப் புளுகு இன்னும் சரளமாக வரும்.

"போன வைகாசியில இந்தப் பெட்டியில நாதஸ்வரத்தையும் தவிலையும் சேத்து லேசாத் தட்டிப் பாத்தேன். கெட்டிமேளம்னு நெனச்சு மாப்பிள்ளை தாலியக் கட்டிட்டான். முகூர்த்தத்துக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் கெடக்கு."

பொண்ணு மேடைக்கு வந்துவிட்டாளா என்று பாடகி ஜெசிந்தா கேட்டாள்.

"அவ பியூட்டி பார்லர்ல இருந்தா. இங்க கட்டுனதும் அங்க அவ கழுத்துல தாலி ஏறிட்டு."

அடுத்து அந்தப் பெட்டியின் டிரம்பெட் ஊதல். அதைத் துறைமுகத்துச் சங்கென்று நினைத்துக் கொழும்புக்குப் போன கப்பல் பாதிக் கடலில் திரும்பித் தூத்துக்குடிக்கே வந்துவிட்டதாம். அப்புறம் மழைச் சத்தத்துக்கு ஒரு பட்டனாம். அழுத்தினாராம், பந்தியில் முழங்கால் தண்ணீராம், சாப்பிட்டவர்கள் இலையைப் பிடித்துக்கொண்டு நீந்தினார்களாம். கீபோர்டு நனையவில்லையா என்று கேட்டேன்.

"மழையப் பெய்ய வச்சதே அதுதாம்வே. அது எப்படி நனையும்?"

அதோடு விட்டிருக்கலாம். கண்ணைக் கட்டிக்கொண்டே தன் பெட்டியைக் கண்டுபிடிப்பேன் என்று அவரே துண்டை எடுத்துக் கட்டிக்கொண்டார். மச்சினன் ஒரே மெட்டை இரண்டிலும் வாசித்தான். முதல் பெட்டிக்கு இஞ்ஞாசி உருகிப்போனார்.

"இது எம் பெட்டி. வயலினைக் கேட்டியளா, வில்லு உரசுதது நெஞ்சுக்குள்ள கேக்கு."

இரண்டாவதுக்கு முகத்தைச் சுளித்தார். தகர டப்பாவில் கல்லை உருட்டுவதுபோல இருக்கிறது, புதுசைக் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள் என்றார்.

துண்டை அவிழ்த்தால் மச்சினன் கை பழைய பெட்டியின் மேல் இருந்தது. பன்னிரண்டு வருசமாக அந்தப் பெட்டியைத் தோளில் சுமந்த மனுசன், எனக்கே பாவமாக இருந்தது. அவர் மட்டும் கொஞ்சமும் அசரவில்லை.

"பின்ன என்ன அண்ணாச்சி, காலையில இருந்து புதுசு எம் பெட்டி பக்கத்துலதான இருந்துச்சு. அம்புட்டையும் கத்துக்கிடுச்சு."

அண்ணாச்சிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. புதுசைத் திருப்பிக் கொடுக்கச் சொன்ன கோபம் இறங்கி, சரி, புதுசையும் நீரே வாசியும் என்று சொல்லிவிட்டார். மச்சினன் முகம் வாடிப்போனது. இஞ்ஞாசி நாற்காலியைப் புதுப் பெட்டியிடம் இழுத்தார்.

ஜெசிந்தா மைக்கைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"வேண்டாம் அண்ணாச்சி. தகர டப்பாவா ஆன பழசும் பன்னெண்டு வருசமா இவரு பக்கத்துலதான் இருந்துச்சு."