முபாரக்கின் இரண்டு கன்னங்கள்

குருவுக்கு வயது முப்பத்து நான்கு. சீடருக்கு அறுபத்தொன்று.

குருவின் பெயர் பெர்னதெத். திண்டுக்கல்லில் கார் ஓட்டச் சொல்லித்தருகிறவர். எல்லாரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். சீடர் சிங்கராயர், மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். டீச்சரின் பெட்ரோல் காரில் கற்றுக்கொண்டு போன மாதம்தான் லைசென்ஸ் வாங்கினார். டெஸ்ட்டில் ஒரு கம்பைக்கூடத் தட்டவில்லை. அதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

மகள் ஜெனோவாவுக்கு வலி வந்த அன்று, பக்கத்து வீட்டு டீசல் காரை இரவல் வாங்கி அவர்தான் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போனார். ஆபரேஷன் செய்துதான் குழந்தையை எடுத்தார்கள். மறுநாள் மயக்கம் நன்றாகத் தெளிந்ததும், மகள் அவரிடம் பேசிய முதல் பேச்சு இதுதான்:

"அப்பா, வீட்டுக்கு நான் ஆட்டோல வந்துக்கிறேன்."

தையல் போட்ட வயிறு. கழுத்து நிற்காத குழந்தை. ஆட்டோ. சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்புவதாக டாக்டர் சொல்லியிருந்தார்.

வழியெல்லாம் குலுங்கிய தப்பு இரவல் கார்மேல்தான் என்று முடிவு செய்து, சொந்தமாக ஒரு டர்போ டீசல் வாங்கப் புறப்பட்டார். ஏழு வண்டி பார்த்தார். என்ஜினை ஓடவிட்டு அதன்மேல் ஒரு நாணயத்தை நிற்கவைத்துப் பார்ப்பார். கதவில் காதை வைத்துக் கேட்பார். நான்கு டயரையும் உதைப்பார். அதுவரைக்கும் எல்லா வண்டிக்கும் நோட்டில் நல்ல மார்க். பிறகு ஓட்டிப் பார்ப்பார். ஏழுமே ஃபெயில்.

புதன்கிழமை எட்டாவது வண்டிக்கு டீச்சரையும் கூட்டிப் போனார்.

"டீச்சர், ஒரு வண்டி குலுங்குமா குலுங்காதான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

டீச்சர் விற்பனைக்கார இளைஞரைப் பார்த்தார். முபாரக் என்று பெயர். வெள்ளைச் சட்டை, கழுத்துப் பட்டை, நன்றாகச் சிரைத்த முகம். அந்த மாதம் ஒரு வண்டிகூட அவர் கையால் போகவில்லை.

"தம்பி, கொஞ்சம் பின்னாடி உட்கார்றீங்களா?"

முபாரக் உட்கார்ந்தார். டீச்சர் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கைப்பையிலிருந்து மை டப்பாவை எடுத்தார். டீச்சருக்கு வீட்டில் ஏழு மாதக் குழந்தை.

ரேஷன் கடை வரை போய்த் திரும்பலாம், நடுவில் மூன்று வேகத்தடை, வண்டி போய்க்கொண்டிருக்கும்போதே தம்பிக்கு ஒரு திருஷ்டிப் பொட்டு வைக்கப்போகிறேன் என்றார் டீச்சர். முபாரக் எதற்கு என்று கேட்டார். வண்டி விற்கணுமா வேண்டாமா என்று டீச்சர் கேட்டார். முபாரக் கன்னத்தைக் காட்டினார்.

சிங்கராயர் மிதித்தார். டர்போ டீசல் மிதித்த உடனே இழுக்காது; வண்டி ஒரு நொடி யோசித்தது. அவருக்குப் பொறுமையில்லை, இன்னும் மிதித்தார். அதற்குள் டர்போ விழித்துக்கொண்டது. மூன்று பேர் முதுகும் சீட்டில் போய் அப்பின. பயந்து காலை எடுத்தார். மூன்று பேர் தலையும் முன்னால் வந்தன. பொட்டு கன்னத்தில் ஆரம்பித்துக் காதுக்குள் போய் முடிந்தது.

வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். முகத்தில் கவலையைவிடத் திருப்திதான் அதிகம்.

"பாத்தீங்களா டீச்சர்? இதுவும் குலுங்குது."

நோட்டை எடுத்தார். எழுதுவதற்குமுன் இறங்கச் சொன்னார் டீச்சர்.

இப்போது டீச்சர் ஓட்டினார். சீடர் பின் சீட்டில், ஆள்காட்டி விரலில் மையோடு. முபாரக் மிச்சமிருந்த கன்னத்தைக் கொடுத்துவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

டீச்சர் மிதித்தார் என்று சொல்ல முடியாது. பாதத்தை வைத்தார். வண்டி யோசித்து முடிக்கும்வரை பேசாமல் இருந்தார். அது கிளம்பியதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடக் கொடுத்தார். வேகத்தடை இன்னும் கண்ணில் படவேயில்லை, அதற்கு முந்தின டீக்கடையிலேயே காலை எடுத்துவிட்டார்.

வேகத்தடை எப்போது வரும் என்று சிங்கராயர் விரலைத் தூக்கி வைத்துக்கொண்டே காத்திருந்தார்.

"வைங்க சார். மூணும் தாண்டியாச்சு."

வைத்தார்.

ரேஷன் கடை வாசலில் வண்டி நின்றது. வரிசையில் இருந்த இரண்டு பெண்கள் முபாரக்கைப் பார்த்துவிட்டுப் பையால் வாயை மூடிக்கொண்டார்கள். வலது கன்னத்தில் காது வரைக்கும் ஒற்றை மீசை. இடது கன்னத்தில் மிளகு போல ஒரு பொட்டு.

சிங்கராயர் இந்தக் கன்னத்தைப் பார்த்தார். அந்தக் கன்னத்தைப் பார்த்தார். இறங்கிப் போய் டயரைப் பார்த்தார். அதே டயர்தான்.

நோட்டைப் புரட்டிக்கொண்டே கேட்டார்.

"அப்ப அந்த ஏழு வண்டியும், டீச்சர்?"

"அந்த ஏழு வண்டிக்காரங்க கன்னத்தை நான் பாக்கலையே சார்."

நோட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். மகள் எதற்கு ஆட்டோ கேட்டாள் என்று அவர் இதுவரை அவளிடம் கேட்டதில்லை. இப்போது கேட்க வேண்டியதும் இல்லை. விரலில் ஒட்டியிருந்த மையை வேட்டியில் துடைத்தார். அது வெள்ளை வேட்டி என்பது துடைத்த பிறகுதான் தெரிந்தது.

"இன்னைக்கு புதன். சனிக்கிழமைக்குள்ள எனக்கு இப்படி ஓட்ட வந்துருமா, டீச்சர்?"

டீச்சர் சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பின் கதவைத் திறந்தார்.

"முபாரக் தம்பி, நெத்தியும் தாடையும் இன்னும் காலியாத்தானே இருக்கு?"