எருமைகள் படுத்திருந்த ஏரிநாடு

அநியாயம் நடந்தது அஞ்சலாட்சிக்கு. அவளுடைய மாட்டுக்கொட்டகையை ஒரு நாடே சேர்ந்து பிடுங்கிக்கொண்டது. நாடு என்றால் மொத்தம் ஆறு பேர். இருந்தாலும் நாடு நாடுதானே?

ஐஸ் கம்பெனியை விற்றுவிட்டுச் சும்மா இருந்த ஏகாம்பரம், ஏரிக்குள் தூண் எழுப்பி ஒரு வீடு கட்டினார். ஒருநாள் காலையில் அதை அரண்மனை என்றார். தன்னை மன்னர் என்றார். யாரைக் கேட்டு என்று கேட்காதீர்கள். பழைய மன்னர்கள் மட்டும் யாரைக் கேட்டார்கள்? கொடியேற்றிச் சாசனமும் வெளியிட்டார்: 'தண்ணீர் நிற்கும் இடமெல்லாம் ஏரிநாடு. தண்ணீர் இல்லாத இடம் கரைக்காரர்களுடையது.'

அந்தக் கரையில் இருந்தது ஒரே வீடு, அஞ்சலாட்சியின் வீடு. கார்த்திகை மழையில் அவள் கொட்டகைக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்தது. மறுநாளே அது ஏரிநாட்டின் தென்மாகாணம் ஆகிவிட்டது. மன்னரின் மைத்துனர் ஞானமூர்த்தி அதற்கு ஆளுநர். ஆளுநர் செய்த முதல் வேலை, பூட்டுப் போட்டது. தை மாதமே தண்ணீர் வடிந்தது. பூட்டு வடியவில்லை.

பங்குனியில் அஞ்சலாட்சி அரண்மனைக்கு வந்தாள்.

"ஐயா, மாடு நிறைமாசம். வெயில்ல கட்டிப் போட்டிருக்கேன். இன்னைக்கோ நாளைக்கோ கன்னு போட்டுடும். கொட்டகையைத் திறந்து விடுங்க."

"மன்னான்னு கூப்பிடு," என்றார் ஞானமூர்த்தி.

"உங்களையா?"

"அவரை."

மன்னர் தொண்டையைச் செருமினார். "ஒருமுறை மாகாணம் ஆனால் என்றைக்கும் மாகாணம். மாட்டை வேறு எங்காவது கட்டிக்கொள்."

மந்திரி குழந்தைவேலு எழுந்தார். சாசனத்தை நகலெடுத்து எழுதியவர் அவர். ஆகவே அதைப் படித்த ஒரே ஆளும் அவர்தான்.

"ஒரு சந்தேகம், மன்னா. நம் சாசனம் செல்லுமா, செல்லாதா?"

"செல்லாமல் என்ன? அது இல்லையென்றால் நாடே இல்லையே."

"அப்படியானால் கொஞ்சம் ஜன்னல் பக்கம் வாருங்கள். தண்ணீர் எங்காவது தெரிகிறதா?"

மன்னர் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். வெடித்துக் கிடந்த களிமண்தான் தெரிந்தது. "அதோ, தூரத்தில் குட்டை மாதிரி ஒன்று."

"அதுதான் ஏரிநாடு. இப்போதைக்கு இரண்டு எருமைகள் படுத்திருக்கின்றன."

"அப்போ நாம் நிற்கிற இடம்?"

"தண்ணீர் இல்லாத இடம், மன்னா. இந்த அம்மாவுடையது."

"சாசனத்தை மாத்தி எழுதிட்டாப் போச்சு," என்றார் ஞானமூர்த்தி.

"தாராளமாக எழுதலாம், ஆளுநரே. ஆனால் வெளிநாட்டில் உட்கார்ந்து சட்டம் போட்டால் யார் மதிப்பார்கள்? மன்னர் தம் நாட்டுக்குள் போய்த்தான் எழுத வேண்டும். எருமைகள் கொஞ்சம் நகர்ந்து இடம்விட்டால் நல்லது."

மன்னர் குட்டையைப் பார்த்தார். தம் வெள்ளை வேட்டியைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"ஞானமூர்த்தி, சாவியைக் கொடு. எத்தனை மழை பெய்தாலும் இனி அந்தக் கொட்டகை இவளுடையதுதான். மந்திரி, அந்த ஆளுநர் பட்டத்தை நீரே வைத்துக்கொள்ளும்."

"மாகாணமே போய்விட்டதே, மன்னா."

"அதனால்தான் தருகிறேன்."

பிறகு அஞ்சலாட்சி பக்கம் திரும்பினார். குரலில் இப்போது ராஜாங்கம் இல்லை. "அப்போ நாங்க எங்கேம்மா போறது?"

அவள் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"மழை வர்ற வரைக்கும் இங்கேயே இருந்துக்கோங்க, ஐயா. வெளிநாட்டுலேருந்து வந்தவங்களை விரட்டுற வழக்கம் எங்களுக்குக் கிடையாது."