சுனையைக் காத்த உடைப்பு

கருங்காலிக் காட்டு விலங்குகள் எல்லாம் ஒரே சுனையில்தான் தண்ணீர் குடித்தன. சுனைக்கு மேலே, மேட்டில், ஒரு சேற்றுக் குட்டை இருந்தது. தடியன் என்ற காட்டுப்பன்றி தன் கூட்டத்தோடு அதில் புரளும். காட்டின் கழிவெல்லாம் அங்கேதான் போய்ச் சேரும்.

ஒரு மழைக்காலத்தில் பெருவெள்ளம் வந்தது; பக்கத்து ஆறும் கரை மீறியது. வெள்ளம் வடிந்ததும் நோய் வந்தது. சுனைத் தண்ணீரைக் குடித்த குட்டிகள் வயிற்றுப்போக்கில் துவண்டன. தெள்ளி என்ற நீர்நாய் தன் ஒரே குட்டியைப் பறிகொடுத்தது.

"எல்லாம் ஆறு செய்த வேலை! ஆற்றுப் பக்கம் கரையை உயர்த்துவோம்!" என்றது மான். எல்லா விலங்குகளும் அங்கே மண் சுமந்தன.

தெள்ளி மட்டும் வெள்ளத்தின் கறையைப் பார்த்துக்கொண்டே சுனையைச் சுற்றி வந்தது. ஆற்று வண்டல் சுனையைத் தொடவே இல்லை. மேட்டுச் சரிவிலோ குட்டையின் கறுப்புச் சேறு சுனை வரைக்கும் வழிந்து காய்ந்திருந்தது!

தெள்ளி தடியனிடம் ஓடியது.

"அண்ணே! நம் குட்டிகளைக் கொன்றது ஆறு இல்லை. உங்கள் குட்டை நிரம்பிச் சுனையில் கலந்திருக்கிறது. மறுபக்கம் யாரும் குடிக்காத மணல் பள்ளம் இருக்கிறதே, அந்தப் பக்கம் ஒரு வடிகால் வெட்டுங்கள்!"

"வெட்டினால் என் சேறு என்னாவது? அப்படி ஒரு வெள்ளம் ஆயுளுக்கு ஒருமுறைதான் வரும். வேலையைப் பாரும்மா!"

அடுத்த ஐப்பசியிலேயே வானம் பொத்துக்கொண்டது. குட்டை விளிம்புவரை ஏறியது. சுனைப் பக்கத்துக் கரை கசிந்தது. தெள்ளி புல்லையும் மண்ணையும் அள்ளி அப்பியது. அப்ப அப்பக் கரைந்தது.

"அண்ணே, கரை போகப் போகிறது! மறுபக்கத்தை உடையுங்கள்!"

தடியன் அசையவில்லை. "என் குட்டை..." என்று முனகியது.

"கீழே பாருங்கள்! உங்கள் குட்டிகளும் அந்தச் சுனையில்தான் வாய் வைக்கின்றன! சேறு திரும்பி வரும் அண்ணே. என் குட்டி திரும்பி வரவில்லை!"

தடியன் கீழே பார்த்தது. மறுகணம் உறுமிக்கொண்டு மறுகரைக்குப் பாய்ந்தது. கோரைப்பல்லால் குத்தியது. வேர் தடுத்தது, ஒரு பல் முறிந்தது. ரத்தம் ஒழுக ஒழுக மற்றதால் கிளறியது.

பொளக்! கரை உடைந்தது. கறுப்புத் தண்ணீர் இரைந்துகொண்டு மணல் பள்ளத்தில் இறங்கியது. சுனைப் பக்கத்துக் கசிவு மெல்ல நின்றது.

மழை விட்டதும் குட்டிகள் சுனையில் குடித்தன. எந்தக் குட்டிக்கும் நோய் வரவில்லை. தடியன் உடைப்பை அடைக்கவில்லை. பாதி உயரத்துக்குக் கல் அடுக்கி, அதற்கு மேல் ஏறும் தண்ணீர் தானே வழிய விட்டது. புரளுவதற்குச் சேறும் மிஞ்சியது.

"இவ்வளவுதானா? இதை அன்றைக்கே செய்திருக்கலாமே!" என்றது தடியன். தெள்ளி இன்னொரு கல்லை எடுத்து அடுக்கியது.

வந்த வெள்ளம் எந்த வழியாகக் கெடுத்தது என்று பார்த்து அந்த வழியை மாற்றுபவரே, அடுத்த வெள்ளத்தில் பிழைப்பார்.