தாசையாவின் கண்ணளவு

“எல்லாக் கருவியையும் துல்லியமாக்கச் சொல்றீங்க டீச்சர். அந்த ஒண்ணை மட்டும் ஏன் மங்கலாவே விட்டிருக்கீங்க?”

கேட்டவர் தாணுமூர்த்தி. வேலைக்காலம் முழுக்க நில அளவைக்காரராக இருந்தவர். ஓய்வுபெற்றதும், அளக்கும் கருவிகளைப் பழுதுபார்க்கக் கற்க வேண்டுமென்று நாகர்கோவிலில் புஷ்பலீலாவின் பட்டறைக்கு வந்து சேர்ந்தார். வயதில் அவர்தான் மூத்தவர். ஆனாலும் டீச்சர் என்றே கூப்பிட்டார்.

புஷ்பலீலா நிமிரவில்லை.

“அது சரியாத்தான் இருக்கு.”

மேல்தட்டில் இருந்தது அந்த லெவல். தரையின் ஏற்ற இறக்கத்தை அளக்கிற தொலைநோக்கி. டீச்சர் அதை அடிக்கடி இறக்குவார். பூஞ்சை படராமல் வில்லைகளைத் துடைப்பார். நீர்க்குமிழியை நடுவுக்குக் கொண்டுவருவார். பிறகு கண்ணை வைத்து அப்படியே நிற்பார்.

கண்வில்லையின் வளையத்தை மட்டும் தொடமாட்டார். தாணு ஒருநாள் எட்டிப் பார்த்தார். வில்லைக்குள் இருக்கும் குறுக்குக்கோடுகூடத் தெரியவில்லை.

ஐப்பசி மழையில் கால்வாய்க் கரை உடைந்தது.

பொறியாளர் ரெஜினா சேறு படிந்த காலோடு வந்து நின்றார். அவருடைய கருவி வெள்ளத்தோடு போய்விட்டதாம். அடுத்த மழைக்குள் கரையைப் பழைய மட்டத்துக்கு உயர்த்தாவிட்டால் கீழ்த்தெருவில் ஒரு வீடும் மிஞ்சாது என்றார்.

பட்டறையில் மற்றவையெல்லாம் பிரித்துப் போட்டபடி கிடந்தன.

டீச்சர் மேல்தட்டைப் பார்த்தார். பிறகு அந்த லெவலை இறக்கினார்.

கரையில் முக்காலிமேல் லெவலை நிறுத்தி, குமிழியைச் சரிசெய்து, கண்ணை வைத்தார் தாணு.

“ஒண்ணும் தெரியல டீச்சர்.”

“வளையத்தைத் திருப்புங்க அண்ணாச்சி. அது அவரு கண்ணுக்கு வச்சது.”

அப்போதுதான் டீச்சர் சொன்னார். இந்தக் கால்வாயை அளந்தது அவருடைய கணவர் தாசையா. கல்யாணமான புதிது. எதிரே தள்ளி நின்று நெடிய அளவுகோலைப் பிடித்தது இவர். இடக்கண்ணைச் சுருக்கிக்கொண்டு தாசையா கையசைப்பார். கை காட்டிய பக்கம் இவர் கோலைச் சாய்ப்பார். சில நேரம் கோல் நேராக இருந்தாலும் கையசைப்பார், சும்மா, இவர் சிரிப்பதைப் பார்க்க. அவர் கடைசியாகப் பார்த்துவிட்டு வைத்தபடியே இருக்கிறது வளையம்.

தாணு சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். பையிலிருந்து பென்சிலை உருவினார்.

“ஒரு அடையாளம் வச்சுக்கிடுவோம் டீச்சர். வேலை முடிஞ்சதும் பழையபடி திருப்பிரலாம்.”

டீச்சர் அந்தப் பென்சிலை வாங்கி, அவர் பையிலேயே திரும்பச் செருகினார்.

“அவரு பார்த்தது கால்வாயில ஓடிட்டிருக்கு,” என்றார்.

அளவுகோலைத் தூக்கிக்கொண்டு கரையோரம் நடந்தார். வழுக்குகிற இடத்தில் சேலையைச் செருகிக்கொண்டார். உடைப்புக்குப் பக்கத்தில் போய்த் திரும்பி நின்றார்.

தாணு வளையத்தைத் திருப்பினார். குறுக்குக்கோடு கறுப்பாகத் தெளிந்து வந்தது. அவரால் அதற்குமேல் பார்க்க முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தார்.

அங்கிருந்து குரல் வந்தது.

“அளவைச் சொல்லுங்க அண்ணாச்சி.”