எமலோகப் படகில் ஏழாம் பொம்மை

பொழுதுபோக்குப் பூங்காவில் எமலோகப் படகைத் திறந்த வருடம் குகைக்குள் பதினான்கு பொம்மைகள் இருந்தன. எமன் கதாயுதத்தைத் தூக்குவான். சித்திரகுப்தன் ஏட்டைப் புரட்டித் தும்முவான். கிங்கரர்கள் ரம்பம் இழுப்பார்கள். எல்லாருக்குள்ளும் ஓடியது லாரி வைப்பர் மோட்டார். எல்லாருக்கும் குரல் கொடுத்தது ஒரே ஆள், படகை இயக்கும் கோயில்பிள்ளை. அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது. எமனுக்குத் தன் தலைமையாசிரியர் குரல். சித்திரகுப்தனுக்குத் தாலுகா ஆபீஸ் கிளார்க் குரல். கிங்கரர்களுக்கு இரண்டு மாமன்களின் குரல். மாமன்கள் படகில் போய்த் தங்களையே கேட்டுவிட்டு வந்து ஒரு மாதம் அவரோடு பேசவில்லை.

ஏழாம் பொம்மை கொப்பரையில் வேகும் பாவி. "காப்பாத்துங்கய்யா" என்று அலறுவான். அதைக் கேட்கத்தான் கூட்டம் வந்தது.

மூன்றாம் வருடம் ஏழு ஊமையானது. வாய் மட்டும் திறந்து மூடும். கேசட் போய்ச் சிப் வந்தது. எமனுக்கு நான்கு தடவை மீசை மாற்றினார்கள். ஏழு பேசவில்லை.

கோயில்பிள்ளைக்கு வேலையில் இது கடைசி மாதம். அவரிடம் இரண்டு வருடமாக வேலை கற்றவள் நஸ்ரின். அவளுக்கு வயது முப்பத்தொன்று, எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ. படகு அவள் பொறுப்புக்கு வர வேண்டும். மேனேஜர் ஒரு நிபந்தனை வைத்திருந்தார்.

"சாட்டர்டே ரீ-ஓப்பனிங். ஏழு கத்தணும். அதுதான் ஃபீல். முடியலைன்னா சொல்லிடுங்க நஸ்ரின், சென்னைல ஆள் ரெடியா இருக்கு."

அவள் ஸ்டோரில் பழைய கேசட்டைத் தேடி எடுத்தாள். ஒலியைச் சிப்பில் ஏற்றி, ஏழின் வயிற்றில் புது ஸ்பீக்கர் வைத்தாள். அங்கே பழைய வயர் கட்டரால் வெட்டப்பட்டிருந்தது. அதன் பிறகே கேட்டாள்.

"அண்ணாச்சி, ஏழை ஏன் ஊமையாக்குனிய?"

"ஸ்பீக்கரை மாட்டிட்டியா?"

"மாட்டிட்டேன். ஏன்னு கேக்கேன்."

"ஓட்டிப் பாப்போம். நான் உள்ள நின்னு கேக்கேன். நீ படகை விடு."

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. தினமும் முதல் படகை விடும் முன் குகை வாயில் நின்று, "உள்ள ஆரு?" என்று மூன்று முறை கூப்பிடுவார். பதில் வராவிட்டால்தான் லீவரைத் தொடுவார். டிக்கெட் கவுன்டர் பையன்கள் அவரைப் போலவே கழுத்தை நீட்டி, "உள்ள ஆரு? எமனா? சாப்டாச்சா?" என்பார்கள். நஸ்ரினும் சிரித்திருக்கிறாள்.

அன்று அவள் கூப்பிடவில்லை. உள்ளே யார் என்று தெரியும்.

ஒரு சுற்று ஒன்பது நிமிடம். மூன்று நிமிடத்துக்கு ஒரு படகு. சோதனைக்கு ஆளுக்குப் பதில் மணல் மூட்டை. முதல் படகு இருட்டுக்குள் போனது.

சற்று நேரத்தில் அலறல் வந்தது. "காப்பாத்துங்கய்யா..."

மேனேஜர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "அடடா. முடியெல்லாம் நிக்குதுங்க."

நஸ்ரினுக்கு முகம் மலர்ந்தது. இரண்டாம் படகை விட்டாள்.

இந்த முறை அலறல் இன்னும் நன்றாக இருந்தது. இருமல் கலந்திருந்தது. படகு கடந்து போன பிறகும் நிற்கவில்லை.

"சென்சார் மாட்டிக்கிச்சுன்னு நெனைக்கேன் சார். சரி பண்ணிருதேன்."

"சரி பண்ணாதீங்க. இப்படியே இருக்கட்டும்."

மூன்றாம் படகையும் விட்டாள். குரல் உடைந்து கரகரத்தது. ஆம்ப்ளிஃபயரைப் பார்க்க வேண்டும் என்று உள்ளங்கையில் பேனாவால் குறித்துக்கொண்டாள்.

முதல் படகு சுற்றி முடித்து வந்தது. மணல் மூட்டைமேல் ஏழின் ஸ்பீக்கர் இருந்தது. வயரைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டிருந்தது.

உள்ளே அலறல் நிற்கவில்லை.

நஸ்ரின் லீவரை இழுத்தாள். படகுகள் நின்றன. குகை வாய்க்கு ஓடினாள்.

"உள்ள ஆரு?"

அலறல் நின்றது.

"நான்தாம்மா. வா."

அவர் கொப்பரைக்குப் பக்கத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தார். ஒரு காயமும் இல்லை. தொண்டை மட்டும் போயிருந்தது. பக்கத்தில் ஏழு வாயைத் திறந்து திறந்து மூடியது.

"எத்தனை படகு விட்ட?"

"மூணு."

"என்ன நெனச்ச?"

"ஸ்பீக்கர் நல்லா பேசுதுன்னு."

"நானும் கேசட்டு நல்லா பாடுதுன்னுதான் நெனச்சேன்." அவர் தண்ணீருக்குள் கையை விட்டு எதையோ தட்டினார். இரும்புச் சத்தம் கேட்டது. "படகை இழுக்குற இந்தச் சங்கிலிக்குக் கிரீஸ் போட, எங்கூட வேலை பாத்த சவரிமுத்து உள்ள வந்தான். மூணாம் வருசப் பொங்கல் கூட்டம். நிறுத்துனா முதலாளி ஏசுவாருன்னு படகு ஓட ஓடவே அனுப்பினேன். காலு மாட்டிச்சு. தண்ணிக்குள்ள இழுத்துச்சு. சாகுற வரைக்கும் கத்துனான். நம்ம குரல் இன்னைக்கு எடுப்பா இருக்கேன்னு, வெளிய நின்ன வரிசைக்கு அதே மாதிரி கத்திக் காட்டினேன். எல்லாரும் சிரிச்சாவ."

வெளியிலிருந்து மேனேஜர் கூப்பிட்டார். "நஸ்ரின், எல்லாம் ஓகேவா? சாட்டர்டேக்குச் சொல்லிடலாமா?"

அவள் இடுப்பிலிருந்து கட்டரை எடுத்தாள். சிப்பிலிருந்து ஏழின் வயிற்றுக்குள் தான் இழுத்திருந்த வயரை வேரோடு வெட்டினாள்.

"ஏழு கத்தாது சார். சென்னை ஆள வரச் சொல்லிக்கோங்க."

வெட்டிய வயரைச் சுருட்டிப் பைக்குள் போட்டாள்.

"அண்ணாச்சி, அன்னைக்கு நீங்க எத்தனை விட்டிய?"

"பதினொண்ணு. ஒவ்வொண்ணுலயும் எட்டுப் பேரு. எறங்கும்போது கைதட்டுனாவ."