இளவரசி ஒப்பித்த பாடம்

வெகு காலத்துக்கு முன்னே வேம்பாற்று நாட்டைச் செங்கோடவர்மன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். நினைத்தால் மழை, நினைத்தால் வெயில் என்று ஒரு குணம் அவனுக்கு. ராணி இறந்ததும், "இனி அந்தப்புரத்தில் யாரும் வாய்விட்டுப் பேசக்கூடாது. பாட்டு, சிரிப்பு கூடாது. ராணி பேரை எடுக்கவே கூடாது" என்று கட்டளை போட்டான். அப்போது மகள் குழலிக்கு ஒன்பது மாதம். துக்கம் ராஜாவுக்கு, தண்டனை குழந்தைக்கு!

குழலிக்கு மூன்று வயது முடிந்தும் பேச்சு வரவில்லை. ஆஸ்தான பண்டிதர் அகிலேசர் வெள்ளிப் பலகையில் 'அ' எழுதிக் காட்டினார். குழந்தை அவர் தாடியைத்தான் பார்த்தது.

"அரசே, மந்த புத்தி. மலையடிவார மடத்துக்கு அனுப்பிவிடுங்கள்" என்றார் பண்டிதர்.

"நாளை மாலையே பல்லக்கு புறப்படட்டும்!" என்றான் ராஜா.

மந்திரி திருமேனியார் எழுந்தார். "அரசே, இந்த அரண்மனையில் இளவரசியைப்போல் கெட்டிக்கார மாணவி கிடையாது. சொல்லிக்கொடுத்த பாடம் அத்தனையும் படித்திருக்கிறாள்."

மந்திரியைக் கண்டாலே பண்டிதருக்கு வயிற்றெரிச்சல். "யார் சொல்லிக்கொடுத்தாராம்? நானா?"

"உங்களைவிடப் பெரிய வாத்தியார், ஐயா."

"நாளைக் காலை ஒப்பிக்கட்டும்! ஒப்பித்தால் என் சால்வை உமக்கு. இல்லையென்றால் உம் முத்திரை மோதிரம் எனக்கு!"

மறுநாள் காலை மந்திரி சபை நடுவே குழலி தினமும் விளையாடும் ஐந்தாறு பொம்மைகளை வைத்துக் குழந்தையை இறக்கிவிட்டார். குழலி ஒரு பொம்மையைச் சிறு பலகைமேல் ராஜாவாக உட்கார வைத்தாள். மற்றவற்றின் வாயில் ஒவ்வொன்றாக விரலை வைத்து, "ஷ்..." என்றாள். கடைசியில் மிகச் சின்ன பொம்மையை எடுத்து ராஜா பொம்மைக்குக் காட்டினாள். உடனே ராஜா பொம்மையைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டாள். சின்னதைத் துணி போட்டு மூடினாள்.



"ஒரு பிழை இல்லை அரசே" என்றார் மந்திரி. "வீட்டில் கண்டதுதானே பிள்ளைக்கு முதல் பாடம்? வாத்தியார் சிம்மாசனத்தில் இருக்கிறார்."

பண்டிதர் தலைகுனிந்து சால்வையைக் கழற்றினார். ராஜா தேம்பி அழுதான்.

"என்ன வேண்டும், கேளும்" என்றான் மந்திரியிடம்.

"பல்லக்கு வேண்டாம், அரசே. தினமும் இரண்டு நாழிகை தரையில் உட்கார்ந்து மகளோடு பேசுங்கள்."

ராஜா உட்கார்ந்தான். விளையாட்டுச் சொப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, "இது பானை. இது அடுப்பு" என்றான். முதலில் குழந்தை பயந்து அவன் வாயைப் பொத்தியது. அவன் விடவில்லை, மாதக்கணக்காகச் சொன்னான்.

ஒருநாள் குழலி ஒரு பெண் பொம்மையைத் தூக்கிக் காட்டி, "இது யாரு?" என்றாள். அதுதான் அவள் பேசிய முதல் பேச்சு.

"அது... உங்க அம்மா, கண்ணு."

"அம்மா எங்க?"

தான் மௌனமானால் பிள்ளையும் மௌனமாகிவிடும் என்று இப்போது ராஜாவுக்குத் தெரியும். அழுதுகொண்டே, ராணியின் பேரிலிருந்து சொல்லத் தொடங்கினான்.